சூடு பிடிச்சிகினு கீது

பெரிய சிஸ்டரை நினைத்தால் எனக்கு முதலில் அவர் முகம் வருவதில்லை, அவருடைய தெர்மாமீட்டர்தான் வருகிறது. வெள்ளைக் கோட்டின் மேல்பையில், நீலப் பேனாவுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில், மூடி போட்டு நிமிர்ந்து நின்றுகொண்டிருக்கும். வார்டில் ஆறு தெர்மாமீட்டர் இருந்தாலும் தன்னுடையதைத் தவிர வேறொன்றை அவர் தொடமாட்டார். குழந்தையின் அக்குளில் அதைச் செருகிவிட்டு, அது பீப் என்று கூவும்வரை எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். குழந்தையைப் பார்க்கமாட்டார். கூவியதும் எடுத்து, எண்ணைப் படித்து, பஞ்சால் துடைத்து, ஃபைலில் எழுதி, கீழே கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தின் கடைசியில் ஒரு சுழி உண்டு. அவர் அந்தச் சுழியைப் போட்டு முடிப்பதற்குள் நான் ஒரு குழந்தைக்கு ஈரத்துணி மாற்றி முடித்திருப்பேன்.

செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி அது. அதில் பச்சைக் குழந்தைகளுக்கான வார்டில் அவர் இன்சார்ஜ், நான் ஸ்டாஃப் நர்ஸ். நான்கு வருடம் அவர் கீழ் வேலை பார்த்தேன். நான்கு வருடமும் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். இப்போது எழுத உட்காரும்போது கை தவறாமல் 'அவர்' என்று எழுதுகிறேனே ஒழிய, உள்ளே அப்படி ஒரு மரியாதையும் கிடையாது. கோபம் என்றால் நாலு நாளில் ஆறிவிடும். அவர் மேல் எனக்கு இருந்தது கோபமில்லை, இளக்காரம். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

'எழுதலைன்னா செய்யலை' என்பது அவர் அடிக்கடி சொல்வது. நர்ஸிங் படிக்கும்போதே எல்லோருக்கும் சொல்லித் தருகிற விஷயம்தான், தப்பில்லை. ஆனால் இவர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தார். எழுதிவிட்டால் செய்த மாதிரி. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தை சிறுநீர் கழித்ததா என்று ஃபைலில் ஒரு கட்டம் இருக்கும். மூன்று மணிக்கான கட்டத்தில் இரண்டே காலுக்கே டிக் விழுந்துவிடும். சிறுநீர்ப் பரிசோதனை என்று டாக்டர் எழுதினால், ஒட்டுகிற பிளாஸ்டிக் பையைக் குழந்தையின் காலிடுக்கில் ஒட்டிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விடுவார். பை எப்போது நிறைகிறதோ அப்போது எடுத்து அனுப்புவது. நடுவில் குழந்தை மலம் போயிருக்கும், பை நழுவியிருக்கும், தோலில் இருக்கிற அழுக்கெல்லாம் அதில் இறங்கியிருக்கும். பல கிருமிகள் கலந்திருக்கின்றன, மறுபடி அனுப்புங்கள் என்று லேபிலிருந்து சீட்டு வரும். உடனே பெரிய சிஸ்டர் உதட்டைச் சுழித்து, "இந்தப் பக்கத்துப் பொம்பளைகளுக்குச் சுத்தம்னா என்னதுன்னே தெரியாது" என்பார். அந்தச் சீட்டையும் அழகாக ஃபைலில் கோத்து வைப்பார்.

பச்சைக் குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் கண்டுபிடிப்பது சுலபமில்லை. பெரியவர்களுக்கு வந்தால் குளிர்க்காய்ச்சல் தூக்கிப் போடும், எரிகிறது, அடிவயிறு வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வார்கள். பத்து நாள் குழந்தைக்கு வாயும் இல்லை, பல சமயம் காய்ச்சலும் இல்லை. உடம்பு சுடுவதற்குப் பதிலாகக் குளிர்ந்தும் போகலாம். மஞ்சள் காமாலை போக வேண்டிய நாளில் போகாமல் நிற்கும். பால் குடிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடும். எடை ஏறாது. ஒன்றுக்குப் போவதற்குமுன் முகம் சிவந்து, காலை மடக்கிக்கொண்டு முக்கி அழும். துணியில் ஒரு மாதிரி வாடை இருக்கும். இதெல்லாம் எந்தக் கருவியிலும் எண்ணாக வராது. துணி மாற்றுகிறவள் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பெற்றவள் சொல்ல வேண்டும். பெற்றவள் சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

பெரிய சிஸ்டருக்குத் தெற்கே கன்னியாகுமரிப் பக்கம். அந்த ஊர்க்காரர்களை நான் குறை சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், குழந்தையின் நூல் மாதிரி நரம்பில் ஊசி ஏற்ற என் கையைப் பிடித்துப் பழக்கியவளும் அந்த ஊர்ப் பெண்தான். அவளை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். இவர் கதை வேறு. இவருக்கு எங்கள் பேச்சு என்றாலே ஒரு வேடிக்கை. 'இன்னா', 'கீது', 'வந்துகினு' என்று எந்தப் பெண்ணாவது வாயைத் திறந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "கீதாமே, கீது. யாருட்டி அது கீதா?" என்பார். டியூட்டி டாக்டர்கள் சிரிப்பார்கள். அந்தப் பெண்ணும் என்ன ஏது என்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரிப்பாள். இதே அம்மாள் மத்தியானம் சாப்பாட்டு அறையில் தன் வீட்டுக்கு ஃபோன் போட்டால் 'சொன்னேம்லா', 'போட்டும்ட்டி' என்று பொழிந்து தள்ளுவார். அவர் வீட்டுப் பேச்சு பேச்சாம், எங்கள் வீட்டுப் பேச்சு மட்டும் கூத்தாம்.

எனக்கு அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே ஒரு ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். வீட்டில் நானும் 'இன்னா'தான், 'கீது'தான். நர்ஸிங் காலேஜ் ஹாஸ்டலில் முதல் வாரமே அது நாக்கில் முள்ளாகிவிட்டது. பக்கத்துக் கட்டில் பெண்களைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக மாற்றிக்கொண்டேன். வேலைக்கு வந்தபோது என் பேச்சில் ஊரே இல்லை. ஒருநாள் ரவுண்ட்ஸில் பெரிய சிஸ்டர் எல்லார் எதிரிலும், "இவ பேசினா இந்தப் பக்கத்துக்காரின்னு யாராவது சொல்லுவாங்களா? அவ்வளவு சுத்தம்" என்றார். நான் யாரை இளக்காரமாக நினைத்தேனோ அவர் வாயால் வந்த பாராட்டு அது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம் இருக்கும். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து ஒரு பெண் முதல் பிரசவத்துக்கு வந்தாள். புருஷன் சிற்பப் பட்டறையில் சிலைகளுக்கு மெருகு போடுகிறவர். ஆண் குழந்தை. மூன்று நாள் வார்டில் இருந்தாள். இரண்டாம் நாள் நான் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது, அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை, "உங்க ஊர் எதுக்கா?" என்று கேட்டாள். குரலைத் தாழ்த்தி அச்சரப்பாக்கம் பக்கம் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "மெய்யாலுமா? எங்கம்மா வூடு மதுராந்தகம் தாண்டிதான்க்கா. நீங்க பேசறத பாத்து நான் எங்கியோ வெளியூர்க்காரங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்." அதிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிறவரை எதற்கெடுத்தாலும் அக்கா, அக்காதான். பெரிய சிஸ்டர் பக்கத்தில் இருக்கிற நேரத்தில் அவள் அக்கா என்று கூப்பிட்டால் நான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன்.

பதினோராம் நாள் குழந்தையைத் திரும்பக் காட்ட வந்தாள். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் வந்திருந்தாள், மடியில் துணிச் சுருட்டாகக் குழந்தை. அப்படி வருகிற குழந்தைகளை முதலில் நாங்கள் பார்ப்போம். எடையும் வெப்பமும் பார்த்து, டாக்டரிடம் போக வேண்டியது எது, அப்படியே வீட்டுக்குப் போகலாம் என்பது எது என்று பெரிய சிஸ்டர்தான் பிரிப்பார். குழந்தையின் கண்ணில் இன்னும் மஞ்சள் இருந்தது. நான் எடை போட்டேன். பிறந்த எடையைவிட இருநூறு கிராம் குறைவு. பதினோரு நாளில் ஏறியிருக்க வேண்டியது, இறங்கியிருந்தது. எண்ணைச் சொன்னேன். "தாய்ப்பால் பத்தலை" என்று எழுதிக்கொண்டே, "வேற என்ன?" என்று கேட்டார் பெரிய சிஸ்டர்.

"கொயந்தைக்கு சூடு பிடிச்சிகினு கீது சிஸ்டர். ரெண்டு நாளா அழுதுகினே கீறான்" என்றாள் அவள்.

எங்கள் பக்கத்தில் சூடு பிடிச்சிக்கிச்சு என்றால் ஒரே அர்த்தம்தான். ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது, சரியாகப் போகவில்லை, சொட்டுச் சொட்டாக வருகிறது. நீர்க்கடுப்பு என்று புத்தகத்தில் போட்டிருப்பது. வெயிலில் அலைந்துவிட்டு வருகிறவன் சூடு பிடிச்சிக்கிச்சு என்றால் மோரோ இளநீரோ கொடுப்பார்கள், நெற்றியைத் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். அவளைப் பொறுத்தவரை அந்த ஒரு சொல்லில் எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. சின்ன வயசுப் பெண், அதற்குமேல் விளக்கிச் சொல்லக் கூச்சமும் இருந்திருக்கும். பெரிய சிஸ்டருக்குச் சூடு என்றால் உடம்புச் சூடு. மேல்பையிலிருந்து தெர்மாமீட்டர் வந்தது, அக்குளுக்குள் போனது, கூவியது. "முப்பத்தாறு புள்ளி ஆறு. சூடே இல்லை" என்றார்.

"இல்ல சிஸ்டர், கீது" என்றாள் அவள்.

"உனக்குத் தெரியுமா, தெர்மாமீட்டருக்குத் தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "நீங்களாச்சும் சொல்லுங்கக்கா" என்றாள். நான் எடை போடும் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தேன். அந்தச் சொல் என் காதில் விழுந்தது, என்னவென்றும் புரிந்தது. எடை, மஞ்சள், அழுகை, இந்தச் சொல், நாலையும் சேர்த்தால் என்ன வருகிறது என்று என் படிப்புக்கும் தெரிந்தது. ஒரே ஒரு வரி, 'சிஸ்டர், அவங்க காய்ச்சலைச் சொல்லலை' என்றிருந்தால் போதும். அதைச் சொன்னால் அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும். போன வாரம்தான் ஒரு பெண் 'பேஜாரா கீது' என்றதற்கு நான் சட்டென்று அர்த்தம் சொல்லிவிட்டேன். பெரிய சிஸ்டர் புருவத்தை உயர்த்தி, "ஓகோ, உனக்கும் இந்த பாஷை வருமா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். அன்றைக்கு மாதிரி இன்னொரு முறை வேண்டாம் என்று நினைத்தேன். என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? ஒன்றுமில்லை. வெறும் வாய்தான், மூடிக்கொண்டிருந்தேன். காலையில் வெயிலில் காட்டு, நிறையப் பால் கொடு என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டார். நான் அடுத்த குழந்தையைத் தட்டில் கிடத்தினேன்.

இரண்டு நாள் கழித்துக் காலை பத்து மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். குழந்தை சாம்பல் நிறத்தில் இருந்தது. தொட்டால் கை கால் சில்லென்றிருந்தது. வாயில் விரலை வைத்தேன், சப்பவில்லை. அப்போதும் பெரிய சிஸ்டர் தெர்மாமீட்டரைத்தான் எடுத்தார். முப்பத்தைந்து புள்ளி நாலு. "பார்த்தியா, சூடு இல்லவே இல்லை" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். என் வாழ்க்கையில் நான் கேட்டதிலேயே மட்டமான பேச்சு அதுதான். அந்த எண் எவ்வளவு மோசமான எண் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வாதத்தில் ஜெயித்துவிட்டார், அதுதான் முதலில் வாயில் வந்தது.

குழந்தை டாக்டர் ஓடி வந்தார். உடம்பைச் சூடாக வைக்கும் வார்மரில் கிடத்தி, வயிற்றை அழுத்திப் பார்த்து, "கடைசியா எப்போ யூரின் போச்சு?" என்று கேட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே, "அதான் அன்னிக்கே சொன்னனே மேடம், சூடு பிடிச்சிகினு கீதுன்னு" என்றாள். டாக்டருக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம். "என்ன சூடு? காய்ச்சலா?" என்று எங்களைப் பார்த்தார். நான் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "காச்சல் இல்ல மேடம். சூடுன்னா ஒண்ணுக்கு எரியறது. போவ சொல்லோ கொயந்தைக்கு எரியுதுன்னு சொல்லுது இந்தப் பொண்ணு" என்றார். அவ்வளவுதான். நான்கு வருடம் நர்ஸிங் படித்த என்னால் முடியாததை ஆயாம்மா ஒரு மூச்சில் சொல்லிவிட்டு மறுபடி மாப்பை எடுத்துக்கொண்டார்.

டாக்டர் மெல்லிய குழாய் போட்டுச் சிறுநீர் எடுத்தார். கலங்கி, கஞ்சி மாதிரி இருந்தது. ரத்தம் எடுத்து, உடனே ஆன்டிபயாடிக் ஏற்றச் சொன்னார். கை ஓய்ந்ததும், "அன்னிக்கு வந்தப்போ என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். பெரிய சிஸ்டர் ஃபைலைத் திறந்து, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் படித்தார்: "தாய் குழந்தைக்குக் காய்ச்சல் என்கிறார். பரிசோதித்ததில் காய்ச்சல் இல்லை." ஒவ்வொரு எழுத்தும் திருத்தமாக இருந்தது. கீழே சுழி போட்ட கையெழுத்து. "நான் காச்சல்னு சொல்லவே இல்லியே" என்றாள் அந்தப் பெண். பெரிய சிஸ்டர் அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீயும் அங்கதானே நின்ன? நீயும் இந்தப் பக்கத்துக்காரிதானே? உனக்குத் தெரியாதா, ஏன் சொல்லலை?" என்றார்.

அந்த அம்மாள் நான்கு வருடத்தில் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. தன் தலை தப்ப வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டார், ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. டாக்டர் என்னைப் பார்த்தார். வார்மருக்கு அந்தப் பக்கம், குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு அவளும் பார்த்தாள். "எடை பார்த்துட்டிருந்தேன் டாக்டர். என் காதுல விழலை" என்றேன். சுத்தமான தமிழில் சொன்னேன்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. இரண்டு வாரத்துக்குமேல் வார்டில் இருந்தது. அந்த நாள்களில் நான் வேலையை வெறிபிடித்த மாதிரி செய்தேன். ஊசி மருந்து ஒரு நிமிடம் பிந்தவிடவில்லை. நரம்பு வீங்குகிறதா என்று மணிக்கொருமுறை பார்த்தேன். ஒவ்வொரு ஈரத்துணியையும் தராசில் போட்டு, காய்ந்த துணியின் எடையைக் கழித்து, எத்தனை மில்லி போயிருக்கிறான் என்று கணக்கெடுத்தேன். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து முன்னாலிருந்து பின்னால் மட்டும் துடைப்பது, நுனித்தோலை இழுக்காமல் இருப்பது, பவுடர் போடாமல் இருப்பது, துணி நனைந்ததும் மாற்றுவது என்று அவளுக்கும் காட்டினேன். உடம்பு குளிராமல் இருக்க அவள் மார்போடு குழந்தையைச் சேர்த்துக் கட்டிவைத்தேன். என்ன சொன்னாலும் அப்படியே செய்தாள். "சரி சிஸ்டர்" என்பாள். அக்கா என்று அதற்கப்புறம் அவள் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள்தான் எனக்கு அது உறைத்தது.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடி சிறுநீர் அனுப்ப வேண்டியிருந்தது. பெரிய சிஸ்டர் பழக்கதோஷத்தில் ஒட்டுப் பையை நீட்டினார். நான் வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். குழந்தை பால் குடித்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. நன்றாகத் துடைத்துவிட்டு, அக்குளுக்கடியில் பிடித்து, கால் தொங்குகிற மாதிரி அவள் தூக்கிக்கொண்டாள். நான் ஒரு கையில் சுத்தமான பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரண்டு விரலால் தொப்புளுக்குக் கீழே மெல்லத் தட்டினேன். பிறகு இடுப்புக்குப் பின்னால் கட்டைவிரலால் வட்டமாகத் தேய்த்தேன். மறுபடி தட்டினேன். ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும், குழந்தை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது, வெள்ளிக்கம்பி மாதிரி பீச்சியடித்தது. முதல் கொஞ்சத்தைக் கீழே விட்டு நடுவில் பாட்டிலைக் கொண்டுபோனேன். பாதி பாட்டிலில், மீதி என் கைமுட்டி வரை. அழவில்லை அவன். அந்தப் பெண் என்னை மறந்து, எல்லாவற்றையும் மறந்து, "நல்லா போறான், நல்லா போறான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சிரித்தாள். பிறகு நான் எதிரில் நிற்பது நினைவுக்கு வந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

கிருமி போய்விட்டது. ஆனால் ஸ்கேனில் வலது சிறுநீரகம் வீங்கியிருந்தது. சில மாதம் கழித்து எடுத்த இன்னொரு படத்தில் அதில் தழும்பு விழுந்திருப்பது தெரிந்தது. இரண்டு நாள் முன்னால் மருந்து தொடங்கியிருந்தால் தழும்பு இல்லாமல் போயிருக்கலாம், அப்போதும் விழுந்திருக்கலாம், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த 'யாராலும் சொல்ல முடியாது' என்பதைப் பிடித்துக்கொண்டுதான் நான் பல வருடம் தூங்கினேன்.

பெரிய சிஸ்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபைல் சுத்தமாக இருந்ததே, என்ன ஆகும்? ஆனால் அவர் சும்மா இருந்தார் என்று சொல்லக்கூடாது. மறுவாரமே ஒரு தாளில் கொட்டை எழுத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, வார்டு வாசலில் ஒட்டினார்: 'தாய்மார்கள் குழந்தையின் உடல்நிலையைத் தெளிவான தமிழில் கூறவும்.' அந்த மகராசி அந்தச் சம்பவத்திலிருந்து கற்றுக்கொண்டது அவ்வளவுதான். ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய், நேராக இருக்கிறதா என்று பார்த்தார். வாசலில் நின்று அந்தப் பெண் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த வருடம் பெரிய சிஸ்டர் பதவி உயர்வில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார். பிரிவு விழாவில் அவருடைய ஃபைல்களைப் பற்றி நாலு பேர் பேசினார்கள். நானும் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன்.

இப்போது நான் நாவலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஐ.டி. கம்பெனிப் பெற்றோர்கள். குழந்தை எத்தனை முறை சிறுநீர் கழித்தது என்று ஃபோனில் கோடு போட்டு வைத்திருப்பார்கள், நாம் கேட்கும் முன்னால் காட்டுவார்கள். அவர்கள் சொல்லி எனக்குப் புரியாமல் போவதற்கு ஒன்றுமில்லை. பெரிய சிஸ்டரைப் பற்றி இங்கே இருக்கிற பெண்களிடம் கதை கதையாகச் சொல்வேன். தெர்மாமீட்டர், சுழி, ஒட்டுப் பை, வாசல் தாள், எல்லாம் சொல்வேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எடைத்தட்டைத் துடைத்துக்கொண்டு நின்ற ஒருத்தி அந்தக் கதையில் வரமாட்டாள்.

போன மாதம் அந்த மாமல்லபுரம் பக்கத்துப் பெண் வந்தாள். பக்கத்தில் ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலையாம், கம்பெனிச் சீருடையிலேயே வந்திருந்தாள். கூட ஏழு வயதுப் பையன், ஒல்லியாக, முன்பல் இரண்டும் இல்லாமல். அவளை எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவளும் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, தெரியாததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. பழைய ஸ்கேன், பழைய சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி மேஜைமேல் வைத்தாள். "வணக்கம் மேடம். பையனுக்கு இரண்டு நாளாகச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருக்கிறது. காய்ச்சல் இல்லை" என்றாள். ஒரு எழுத்து பிசகவில்லை. பஸ்ஸில் வரும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பாள் என்று தோன்றியது. நான் பையனைப் பார்த்து, "என்னப்பா பண்ணுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுக்கு போவ சொல்லோ சூடு பிடிச்சிக்கிது" என்றான் அவன்.

அவள் அவன் தோளில் கையை வைத்தாள். "எரியுதுன்னு சொல்லுடா. சூடுன்னா அவங்களுக்குப் புரியாது" என்றாள்.

ஹாஸ்டல் நாளிலிருந்து நாக்கில் இருந்த முள் அப்போதுதான் அசைந்தது. "புரியும்மா. எனக்கு இன்னா புரியாம? நானும் அங்கதானே பொறந்து வளந்தேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பக்கத்து மேஜையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

பையனைப் பெற்றவள் கோபப்படவில்லை. சிறுநீர் பிடிக்க நான் எடுத்து நீட்டிய பாட்டிலை வாங்கிக்கொண்டு, மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். "தெரியும் மேடம். அன்னிக்கும் உங்களுக்குப் புரிஞ்சிது" என்று சொல்லிவிட்டு, பையனைக் கையைப் பிடித்துக் கழிவறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.